அடுக்களை மருந்தும் அங்காடி மாத்திரையும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. மருந்து என்று பெயர் சூட்டிய வள்ளுவர், பத்துக் குறட்பாக்களுள் ஒன்றிலேனும் ஒரு மருந்தின் பெயரையும் குறிப்பிடவில்லையே என்பதே அவ்வினா. உண்மைதான். முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதைப் பற்றியே அவ்வதிகாரம் பெரிதும் பேசுகிறது. மருத்துவனின் கடமை அதிகாரத்தின் இறுதியிலேயே இடம்பெறுகிறது. உணவைச் செம்மை செய்துகொள்வதே முதல் மருத்துவம் என்பது இவ்வைப்பு முறையால் புலனாகும்.

இன்று நாளிதழ்களிலும் விளம்பரங்களிலும் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்னும் சொல் ஓயாமல் ஒலிக்கக் கேட்கிறோம். தேயிலைப் பொட்டலம் முதல் முகப்பூச்சு வரை அச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழில் இதனை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என வழங்குவர். இப்பொருள்கள் யாவை, எவ்வுணவுகளில் உள்ளன, அவற்றால் விளையும் நலம் யாது, குப்பியில் அடைத்து விற்கப்படும் மாத்திரை அதே நலத்தைத் தருமா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் ஐயுறலாம். நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வே இதனை எழுதத் தூண்டிற்று. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

உயிர்வளியின் இரு இயல்புகள்

மழையில் நனைந்த இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப்போகிறது. நாட்பட்ட தேங்காய் எண்ணெயில் காறல் வாடை வீசுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றினும், மூன்றிலும் வினைபுரிவது உயிர்வளி எனப்படும் ஆக்சிஜனே. நாம் உயிர்வாழ இன்றியமையாத அதே வளி, பொருள்களை மெல்ல மெல்லச் சிதைக்கவும் செய்கிறது.

நம் உடலினுள்ளும் இதுவே நிகழ்கிறது. உண்ட உணவை ஆக்சிஜனின் துணையால் ஆற்றலாக மாற்றும்போது, தனி உறுப்புகள் எனப்படும் சில துகள்கள் தோன்றுகின்றன. இவற்றில் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கும். அதற்கு இணை தேடி அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. பறிகொடுத்த மூலக்கூறு தானும் பிறிதொன்றிடம் பறிக்கும். இவ்வாறு சங்கிலித்தொடராக விளையும் சேதம் உயிரணுவின் சவ்வு, புரதம், மரபுப்பொருள் ஆகியவற்றைத் தாக்குகிறது. புகையிலைப் புகை, மாசுபட்ட காற்று, கடும் வெயில் ஆகியன இத்துகள்களை மேலும் பெருக்குகின்றன. இரத்தத்திலுள்ள கொழுப்புத் துகள்கள் இவ்வாறு ஆக்சிஜனேற்றம் அடைதல், தமனிகளில் படிவு தோன்றுவதற்குத் துணைபுரியும் காரணங்களுள் ஒன்றாகும்.

முதுமைக்கும் இத்துகள்களுக்கும் உள்ள தொடர்பை 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் ஒரு கொள்கையாக வெளியிட்டார். எனினும் இத்துகள்களை முற்றிலும் பகையெனக் கொள்ளுதல் பிழையாகும். நம் வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே படைக்கலமாகப் பயன்படுத்துகின்றன. உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறவும் இவை உதவுகின்றன. ஆகவே உடலுக்கு வேண்டுவது இவற்றின் அழிவன்று, சமநிலையே. இக்கருத்தை மாணவர்கள் நன்கு உளங்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதி இதன்மீதே நிற்கிறது.

செடிகொடிகள் தமக்கெனச் செய்துகொண்ட காப்பு

விலங்குகள் வெயிலுக்கு அஞ்சி நிழலில் ஒதுங்கும். மரம் எங்கே ஒதுங்கும்? நின்ற இடத்திலேயே நின்று, நாள் முழுதும் வெயிலை ஏற்று, அதனையே உணவாக்கும் தொழிலை இலைகள் செய்கின்றன. அத்தொழிலில் அவற்றுள்ளும் தனி உறுப்புகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. தம்மைக் காத்துக்கொள்ளவே செடிகொடிகள் பல்வகைத் தடுப்பான்களை ஆக்கிக்கொண்டன. அவற்றை உண்ணும் நாம் அவற்றின் காப்பில் ஒரு பங்கைப் பெறுகிறோம்.

இத்தடுப்பான்களை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, நீரில் கரையும் வைட்டமின் சி. இரண்டாவது, கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ. மூன்றாவது, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகள். நான்காவது, பாலிபீனால்கள் எனப்படும் பெருங்குடும்பம். துவர்ப்பும், சிலவகைக் கசப்பும், ஊதா நிறமும் பெரும்பாலும் இக்குடும்பத்தின் கொடையாகும்.

இவை தனித்தனியே இயங்குவன அல்ல. உயிரணுச் சவ்வில் வைட்டமின் ஈ ஒரு தனி உறுப்பை அடக்கித் தன் ஆற்றலை இழக்கும்போது, வைட்டமின் சி அதனை மீண்டும் ஆற்றலுடையதாக்குகிறது. இவற்றோடு, உடல் தானே ஆக்கிக்கொள்ளும் நொதிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றான சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பதன் செயல் 1969ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. உணவுவழி வரும் தடுப்பான்கள் இத்தற்காப்புக்குத் துணைப்படையாக அமைகின்றன எனலாம்.

நிறந்தோறும் ஒரு நலம்

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு நெல்லிக்கனி என்றவுடன் அதியமானும் ஔவையாரும் நினைவுக்கு வருவர். தனக்குக் கிடைத்தற்கரிய கனியை அதன் சிறப்பைக் கூறாமலே ஔவையார்க்கு ஈந்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாடலில் அமைந்துள்ளது. இலக்கியம் கூறும் அக்கனி வேறு, அங்காடியில் விற்கும் நெல்லி வேறு எனினும், இன்றைய நெல்லியும் எளிய பொருளன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்டவியல் நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணை, 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராமும் கொய்யாவில் 212 மில்லிகிராமும் வைட்டமின் சி இருப்பதாகக் குறிக்கிறது. இனமும் பருவமும் அளக்கும் முறையும் மாறுந்தோறும் இவ்வளவு மாறும். எனினும் விலைமிகுந்த அயல்நாட்டு ஆப்பிளைவிட நம்மூர்க் கொய்யா பன்மடங்கு மேலானது என்பதில் ஐயமில்லை.

கீரைகள் பச்சை நிறமாயினும் அவற்றினுள் மஞ்சள் நிறக் கரோட்டினாய்டுகள் மறைந்துள்ளன. மேற்கூறிய அட்டவணையின்படி 100 கிராம் கேரட்டில் 1,890 மைக்ரோகிராம் கரோட்டின் உள்ளது. முருங்கைக்கீரையிலோ 6,780 மைக்ரோகிராமும், கறிவேப்பிலையில் 7,560 மைக்ரோகிராமும் உள்ளன. இதனை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கீரைகளிலுள்ள லூட்டின் என்னும் பொருள் கண்ணின் விழித்திரை நடுவில் சென்று தங்கிக் கூரொளியின் தாக்குதலைத் தணிக்கிறது. கறிவேப்பிலையைக் குழம்பிலிருந்து பொறுக்கி இலையின் ஓரத்தில் ஒதுக்குவோர் எதனை ஒதுக்குகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

தக்காளிக்கும் தர்ப்பூசணிக்கும் சிவப்பு நிறம் தருவது லைக்கோபீன். நாவற்பழம், கருந்திராட்சை, கத்தரிக்காயின் ஊதாத் தோல், செட்டிநாட்டில் பெயர்பெற்ற கறுப்புக் கவுனி அரிசி ஆகியவற்றின் கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின். மாதுளையில் இதனோடு வேறு பாலிபீனால்களும் சேர்ந்துள்ளன. வெங்காயத்தில் குவர்செட்டின் உள்ளது. அது வெளியடுக்குகளிலேயே மிகுதி என்பதால், தோலுரிக்கும்போது நல்ல அடுக்குகளையும் சேர்த்து எறிதல் கூடாது. கேழ்வரகின் பாலிபீனால்கள் அதன் மேலுறையில் தங்கியுள்ளன. அரிசியின் தவிட்டிலும் இத்தகைய பொருள்கள் உண்டு. வெண்மைக்காகத் தீட்டத் தீட்ட அவற்றை இழக்கிறோம்.

எண்ணெய் வித்துகளும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கன. நிலக்கடலையிலும் பாதாமிலும் வைட்டமின் ஈ உள்ளது. நல்லெண்ணெய் பிற எண்ணெய்களைவிட நெடுநாள் கெடாதிருப்பதை நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். எள்ளில் உள்ள லிக்னான் வகைப் பொருள்களும் அவற்றிலிருந்து தோன்றும் சீசமாலும் அவ்வெண்ணெயைக் காக்கின்றன. தடுப்பானின் செயலை விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, வெந்தயம், பட்டை, கிராம்பு, மல்லித்தழை, புதினா என அதில் இடும் பொருள்கள் ஒவ்வொன்றும் இக்கட்டுரைக்குரியன. நோன்பு திறக்கும் பேரீச்சம்பழத்திலும் பாலிபீனால்கள் உள்ளன. ஆயினும் அதில் சர்க்கரை மிகுதியாதலின் நீரிழிவுடையோர் எண்ணிக்கை அறிந்து உண்ணுதல் வேண்டும். கஞ்சியோடு உண்ணும் எண்ணெய்ப் பலகாரங்களின் கதை வேறு. அதனை அடுத்துக் காண்போம்.

ஆக்கும் முறையும் உண்ணும் முறையும்

நல்ல பொருளும் தீய பக்குவத்தால் பயனிழக்கும். வைட்டமின் சி நீரில் கரைவது, வெப்பத்தால் கெடுவது. கீரையை நறுக்கியபின் அலசுவதும், மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டுவதும் அதனை இழப்பதற்கான வழிகள். அலசியபின் நறுக்கி, சிறிது நீரில் விரைவாக வேகவைத்து இறக்குதலே முறை.

கரோட்டினாய்டுகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அவை கொழுப்பின் துணையின்றிக் குடலில் நன்கு உறிஞ்சப்படுவதில்லை. கீரைப் பொரியலில் தேங்காய்த் துருவல் சேர்ப்பதும், தக்காளியை எண்ணெயில் வதக்குவதும் சுவைக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. பச்சைத் தக்காளியைவிட எண்ணெயுடன் சமைத்த தக்காளியிலிருந்தே லைக்கோபீன் மிகுதியாக உடலில் சேர்கிறது.

மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேராத பொருள். பெங்களூரில் நிகழ்ந்து 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் கூடிய நம் இரசம் இவ்வாய்வுக்கு முற்பட்டது. எனினும் அவ்வாய்வில் கொடுக்கப்பட்ட குர்குமின் 2 கிராம். இரசத்தில் நாம் இடும் மஞ்சள்தூளில் அதன் அளவு மிகச் சிறிது. ஆதலின் இரசம் தீராப்பிணி தீர்க்கும் என்று மேடையில் முழங்குதல் அறிவுடைமையாகாது.

தேநீரிலுள்ள பாலிபீனால்கள் தாவர உணவின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அது உடலில் சேராதபடி தடுக்கின்றன. வைட்டமின் சி அதே இரும்பு சேர்வதற்கு உதவுகிறது. எனவே இரத்தசோகையுடைய மாணவியர் உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்த்து ஒரு மணிநேரம் கழித்து அருந்துதலும், கீரைச்சோற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொள்ளுதலும் பயன்தரும்.

மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் ஆக்சிஜனேற்றத்தால் விளைந்த தீய பொருள்கள் பெருகுகின்றன. இதனைக் கருதியே, இத்தகைய பொருள்களின் அளவு எண்ணெயில் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயில் வடையை இட்டுவிட்டு, தடுப்பான்களைத் தேடி அலைவதில் பொருளில்லை.

மாத்திரை கற்பித்த பாடம்

1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயால் வருந்திய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அக்கனிகளில் இருந்தது வைட்டமின் சி என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. குறைபாட்டை நீக்கினால் நோய் தீரும் என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் இதிலிருந்து மனித மனம் ஒரு தாவு தாவியது. சிறிது உண்டால் நலம் என்றால், மிகுதியாக உண்டால் பெருநலம் விளையும் எனக் கருதத் தலைப்பட்டது. மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய் செய்யும் என்னும் கருத்தை 'மருந்து' அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் வைத்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட அறிஞர்கள், அதற்குக் காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கலாம் எனக் கருதினர். அதனைச் சோதிக்க ஃபின்லாந்து நாட்டில் 29,133 பேரைக் கொண்டு ஆய்வு நடத்தினர். அனைவரும் 50 முதல் 69 வயதுடைய, புகைபிடிக்கும் ஆடவர். ஒரு பகுதியினர்க்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. மாத்திரை உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு மிகுந்திருந்தது.

அமெரிக்காவில் புகைபிடிப்போர், புகையை விட்டோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுக்கப்பட்டது. அங்கும் அந்நோய் 28 விழுக்காடு மிகுந்ததால், 1996ஆம் ஆண்டு சனவரியில், குறித்த காலத்திற்கு 21 மாதங்கள் முன்னரே மாத்திரை நிறுத்தப்பட்டது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே ஃபின்லாந்து ஆய்வின் தொடக்கத்தில், உணவின் வழியாகப் பீட்டா கரோட்டினை மிகுதியாகப் பெற்றிருந்தோரிடம் அந்நோய் குறைவாகவே காணப்பட்டது. பொருள் ஒன்றே. கீரையில் வந்தபோது நலத்தோடு சேர்ந்து வந்தது. மாத்திரையில் வந்தபோது புகைபிடிப்போர்க்குத் தீங்காயிற்று. கீரை உண்போர் பிறவாற்றானும் நல்வாழ்க்கை வாழ்வோராக இருக்கலாம். கீரையிலுள்ள பல பொருள்கள் கூடிச் செய்யும் வேலையைப் பிரித்தெடுத்த ஒன்று தனியே செய்ய இயலாது என்பதும் ஒரு விளக்கமாகும்.

இனி, நம் குடும்ப நிகழ்வுக்கு வருவோம். நம் பெரியத்தா நாற்பது ஆண்டுகளாகப் பீடி குடித்தவர். வளைகுடா நாட்டில் பணிபுரிந்த மகன் விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒரு குப்பி மாத்திரை கொண்டுவருவார். "இது நுரையீரலைக் கழுவி விட்டுடும் தம்பி. காலையிலே ஒண்ணு போட்டா, அன்னைக்குப் பீடிக்கு அன்னைக்கே கணக்குத் தீந்துடும்" என்று பெரியத்தா மகிழ்வோடு கூறுவார். படித்த பிள்ளை என்று அவர் அந்தக் குப்பியை நம் கையில் கொடுத்து, "நல்லதுதானே?" என்று கேட்டபோது, அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துப் பாராமலே, "நல்லதுதான் பெரியத்தா" என்று விடையிறுத்தோம். அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் ஒன்று பூத்தும் காய்த்தும் நின்றது. அதன் கீரையை ஆட்டுக்குத்தான் ஒடித்துப் போட்டார்கள்.

பெரியத்தா நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின்னரே அந்தக் குப்பியை எடுத்துப் படித்தோம். பீட்டா கரோட்டின் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மாத்திரைதான் அவரைக் கொண்டுபோயிற்று என்று நாம் கூறவில்லை. அதற்குப் பீடியே போதும். ஆனால் பீடியை விட்டொழிக்கும் எண்ணத்தை அவர் நெஞ்சிலிருந்து அகற்றியது அம்மாத்திரை. அதற்கு நம் சொல்லும் துணைபோயிற்று. கேட்டவர்க்கு 'அறியேன், கேட்டுச் சொல்கிறேன்' என்று கூறும் அடக்கம் அன்று நமக்கு இல்லாமற்போனது இன்றும் நெஞ்சை வருத்துகிறது.

இதனால் எல்லா மாத்திரைகளும் தீயவை எனக் கருதலாகாது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய் ஓரளவு முதிர்ந்தோர்க்குத் துத்தநாகமும் வைட்டமின்களும் கூடிய மாத்திரை, அந்நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழக் கால்பங்கு குறைத்ததை 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் தொடர் ஆய்வுக்குப்பின், அதில் பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக லூட்டினும் சீயாக்சாந்தினும் பரிந்துரைக்கப்பட்டன. மருத்துவர் ஒரு நோய்க்கென அளந்து கொடுப்பது வேறு, விளம்பரம் கண்டு நாமே வாங்கி விழுங்குவது வேறு.

உணவுகளின் தடுப்பாற்றலைச் சோதனைக் குழாயில் அளந்து எண்ணிட்டு வெளியிட்ட அமெரிக்க வேளாண்மைத் துறை, அவ்வெண்கள் உடலில் விளையும் பயனைக் காட்டுவதில்லை என்பதாலும், விற்போர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தியதாலும், 2012ஆம் ஆண்டில் அவ்வட்டவணையையே விலக்கிக்கொண்டது. பொட்டலத்தின்மேல் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை நினைவிற்கொள்க.

நாம் செய்யத்தக்கன

உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் நீங்கலாக, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளேனும் உண்ண வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் பரிந்துரை. இவ்வாறு உண்போர்க்கு இதய நோயும் பக்கவாதமும் நேரும் வாய்ப்புக் குறைகிறது. இப்பயன் தடுப்பான்களால் மட்டும் விளைவதன்று. நார்ச்சத்தும் பொட்டாசியமும் பிறவும் கூடிய பயன் அது.

நம் திருமண விருந்துகளில் பிரியாணிக்குத் துணையாக வைக்கும் வெங்காயத் தயிர் ஒன்றே பெரும்பாலும் பச்சைக் காய்கறியாக உள்ளது. ஊர்ப் பெரியோர் மனம்வைத்தால், அதன் அருகில் வெள்ளரியும் தக்காளியும், இனிப்போடு ஒரு துண்டுக் கொய்யாவோ பப்பாளியோ இடம்பெறச் செய்தல் அரிதன்று. விடுதி மாணவர் வாரத்தில் மூன்று நாளேனும் கீரை உண்ணல் வேண்டும். கொல்லையில் இடமுள்ளோர் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவைக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் சிறுநீரக நோயுடையோரும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து உண்ணுதல் கடமையாகும். அனைத்திற்கும் மேலாக, புகையிலையைக் கைவிடுதல் வேண்டும். அதன் தீமைக்கு ஈடுசெய்யும் கீரையும் இல்லை, மாத்திரையும் இல்லை.

முடிவுரை

செடிகொடிகள் தம்மைக் காக்க ஆக்கிய பொருள்கள், உணவாக வரும்போது நம் உடலின் தற்காப்புக்குத் துணைபுரிகின்றன என்பதும், அவை நெல்லி, கொய்யா, கீரை, கேழ்வரகு, எள், வெங்காயம் முதலிய எளிய பொருள்களிலேயே நிரம்பியுள்ளன என்பதும், அவற்றுள் ஒன்றைப் பிரித்து மிகுதியாக உண்பது நலமாகாது என்பதும் மேற்கூறியவற்றால் விளங்கும். வள்ளுவர் மருந்தின் பெயர் கூறாது விட்டதன் காரணத்தை மாணவர்கள் இனிக் கேட்பின், அடுத்த வேளைச் சோற்றில் கீரை இருந்ததா என்று நாம் அவர்களைத் திருப்பிக் கேட்போம். பெரியவர்கள் குப்பியைக் கையில் கொடுத்து நல்லதா என்று கேட்பின், முதலில் அதன்மேல் உள்ளதைப் படிப்போம்.